போரா வீசும் காலையில் பத்தாம் எண்

உங்களுக்கு மூடுபனி.
எனக்கு இந்தக் காற்று.

கார்ஸ்ட் பாறைமேட்டிலிருந்து உருண்டு இறங்கும் போரா
ட்ரியெஸ்தே தெருக்களில் குப்பைத்தொட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும்,
ஸ்கூட்டர்களை வரிசையாகப் படுக்கவைக்கும்.
அதெல்லாம் நீங்கள் படம் எடுக்கும் சங்கதி.
என்னிடம் அது திருடுவது வேறு:
மருந்துக்கடைக் கதவின் மணி,
காபிக்கடையில் கரண்டிகள் விழும் சத்தம்,
சுவர் முடிந்து சந்து திறக்கும் இடத்தில்
கன்னத்தில் படும் அந்தச் சின்னக் காலியிடம்.
தெருவையே பாயாகச் சுருட்டி எடுத்துப்போய்விடும்.
மிச்சம், கோலின் நுனி தொடும் ஒரு சாண்.

முன்பெல்லாம் இப்படிப்பட்ட நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்களாம்.
வக்கீலும் மீன்காரியும் அதைப் பிடித்துப் பிடித்துப் போவார்களாம்.
அப்போது பிறந்திருக்கலாம்.
ஊரே என்னைப் போல் நடந்திருக்கும்.

ஆனாலும் வேலைக்குப் போகத்தான் வேண்டும்.
மருத்துவமனைத் தொலைபேசி ஏழரைக்கு அடிக்கத் தொடங்கும்.
"எலும்பு முறிவுப் பிரிவா, ஒரு நிமிடம்" என்று சொல்ல
நிவெஸ் ரூபெல் அங்கே இருந்தாக வேண்டும்.

நேற்று இதே நிறுத்தத்தில் ஒருவர்
கேட்காமல் கொள்ளாமல் என் முழங்கையைப் பற்றி
வந்து நின்ற பேருந்தில் ஏற்றிவிட்டார்.
புண்ணியவான்.
அது நான் போகும் பேருந்தே இல்லை.
இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி
குளிரில் நின்று அவரை வாழ்த்தினேன்,
பாதிரியார் காதில் விழக்கூடாத சொற்களால்.

வழி மட்டும் எனக்குத் தாராளமாகக் கிடைக்கும்.
கூட்டம் இரண்டாகப் பிளந்து ஒதுங்கும்.
செங்கோல் இல்லை சாமி, இது அலுமினியம்.
நாலாய் மடித்தால் கைப்பைக்குள் கிடக்கும்.
ஒதுங்குகிறவர்கள் பேச்சையும் நிறுத்திவிடுகிறார்கள்,
அங்கேதான் சிக்கல்.
பேசினால்தானே எங்கே ஆள் இருக்கிறது என்று தெரியும்.
ஒருமுறை ஒரு குழந்தை மட்டும்
"அம்மா, அது தூண்டிலா?" என்று கேட்டது.
அம்மா அதன் வாயைப் பொத்தினாள்.
ஆமாம் என்று சொல்ல இருந்தேன்.

இன்று கம்பத்தைக் கட்டிப்பிடித்து நிற்கும்போது
யாரோ என்மீது மோதினார். மன்னிப்புக் கேட்டார்.
குரலில் இன்னும் தூக்கம்,
கோட்டில் ஈர நாயின் வாடை.
"வருவது எந்த எண், சொல்ல முடியுமா?
என் கண்ணாடியைக் காற்று கொண்டுபோய்விட்டது.
கடலில்தான் விழுந்திருக்கும்.
மஞ்சளாய் ஏதோ தெரிகிறது, அவ்வளவுதான்."

சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.
போரா ஒரு நொடி மூச்சு வாங்கியது.
அந்த நொடிக்குள்
தேய்ந்த பிரேக்கின் நீண்ட முனகல்,
நடுக்கதவு அரைமனதோடு திறக்கும் தட்டல்.
பதினேழு இப்படி முனகாது. புது வண்டி, அது இருமும்.
"பத்து" என்றேன்.
"நிச்சயமாகவா?"
"நிச்சயமாக."
"நல்லவேளை, நீங்கள் பார்த்தீர்கள்."

என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார்,
கேட்டுவிட்டுத்தான்.
உள்ளே அறிவிப்புப் பெட்டி வழக்கம்போல ஊமை.
வாய்க்காலோரம் ஒரு திருப்பம்,
பிறகு கல் பாவிய தெருவின் தடதடப்பு,
பிறகு இருக்கை முதுகைத் தள்ளும் ஏற்றம்.
"சந்தை வந்தால் சொல்வீர்களா?"
சொன்னேன்.

எழுந்தபோது அவர் ஷூ என் கோலில் இடறியது.
குனிந்தார். எடுத்தார்.
கைப்பிடியிலிருந்து நுனிவரை
விரல்கள் மெல்ல ஓடும் ஓசை.
பிறகு என் கையைத் தேடி அதை வைத்தார்.
கீழே இறங்கி நின்று ஏதோ சொன்னார்.
கதவு திறந்துதான் இருந்தது,
காற்று அதையும் எடுத்துப்போனது.

எனக்கு இன்னும் மூன்று வளைவு.
தோளில் மட்டும் கொஞ்சம்
ஈர நாயின் வாடை.